பரிமளாவை நம்பி ஓடிய மிஷின்

திண்டிவனம்
3.8.2025

அன்புள்ள பரிமளாக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதி, உடனே அடித்துவிட்டேன். ஆவல் என்பது சின்னச் சொல்லாகத் தெரிந்தது. மே மாதத்திலிருந்து உன் குரலைக் கேட்கவில்லை.

வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். அதிலிருந்து உன் எண்ணை அவர் எடுத்துவிட்டார். எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அழைத்தால் அந்த எண் போனில் நின்றுவிடுமே. அதனால்தான் கடிதம். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. கிளை நூலகத்துக்கு, பிரபாவதி அம்மா பெயருக்கு அனுப்பு. அவர்தான் நூலகர். "உங்க அக்கா எழுதுனத நான் பிரிக்கமாட்டேன். ஆனா எடுத்துக்கினு போன புக்க நீ ஜல்தியா திருப்பித் தரணும்" என்றார்.

அம்மா நன்றாக இருக்கிறாள். அப்பா வழக்கம்போல மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறார். இப்போது மல்லாட்டைக்குப் பருவம், நிலக்கடலை மூட்டை மூட்டையாக வருகிறது. சட்டையெல்லாம் செம்மண். உன் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆனால் அம்மா நாலு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றை மீண்டும் அலமாரியில் வைக்கிறாள். அப்பா அதைப் பார்க்காததுபோல இருக்கிறார்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் பள்ளியில் கணினி மன்றம் தொடங்கியிருக்கிறோம். 22 ஆம் தேதி தொடக்க விழா, அதில் பட்டிமன்றம். நடுவர் கணினி ஆசிரியர் விருத்தாசலம் சார். அவர் இணையத்தில் ஏதோ ஒரு ஒப்பீட்டுப் பக்கத்தைப் பார்த்து, அட்டவணையோடு அச்சடித்து வந்துவிட்டார். தலைப்பு: 'நிறுவனங்களுக்குப் பெரிதும் துணைநிற்பது வாடகைத் தரவு ஓடையா, சொந்த லினக்ஸ் சர்வரா?' அந்த ஓடைக்குப் பெயர் ஸ்ட்ரீமிங் சேவையாம். தகவல்கள் பிறக்கப் பிறக்கத் தண்ணீர்போல வந்துகொண்டே இருக்குமாம். அதை வேறொரு கம்பெனி நமக்காகப் பராமரிக்குமாம். சர்வர் என்றால் உன்னிடம் இருப்பதுபோல, லினக்ஸ் என்கிற மென்பொருளில் ஓடும் சொந்தக் கணினி. எனக்கு அந்த ஓடைக் கட்சி கிடைத்திருக்கிறது. எதிர்க்கட்சியில் வெண்ணிலா. பேசும்போது கையை ஆட்டி ஆட்டியே கைதட்டல் வாங்கிவிடுவாள்.

நீ விழுப்புரத்தில் லினக்ஸ் சர்வரைத்தானே பார்த்துக்கொள்கிறாய்? அதில் உள்ள தொல்லைகளையெல்லாம் எழுதி அனுப்பு, அக்கா. உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இந்த முறை நான் ஜெயிக்க வேண்டும்.

உன்,
அன்புச்செல்வி


விழுப்புரம்
7.8.2025

அன்பு,

கடிதம் வந்தது. விடுதி வாட்ச்மேன் தேடி வந்து கொடுத்தார். "இந்தக் காலத்துல யாருமா ஸ்டாம்ப் ஒட்டி எழுதறது" என்று கேட்டார். என் தங்கை என்றேன். படித்து முடிக்கும்வரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்ட தொல்லைகள்.

எங்கள் பால் கம்பெனிக்கு மண்டகப்பட்டு, திருவெண்ணெய்நல்லூர் என்று பல ஊர்களில் கொள்முதல் நிலையங்கள் இருப்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு கேனுக்கும் எடை, கொழுப்பு, நேரம் எல்லாம் என் சர்வருக்கு வரும். அது இருப்பது முன்பு மோர்ப் பாக்கெட் அடுக்கிய அறை. இன்னும் புளித்த வாடை போகவில்லை. மின்சாரம் போனால் நான் ஓடவேண்டும். டிஸ்க் நிரம்பினால் நான் ஓடவேண்டும். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டுப் பாதியில் கிளம்பினேனே, டிஸ்க் நிரம்பியதால்தான். கரும்பைக்கூடக் கடிக்கவில்லை. மென்பொருளுக்குப் புதிய திருத்தங்கள் வந்தால் நான்தான் ஏற்றவேண்டும். பழைய தகவலுக்கு நகல் எடுக்க மறந்தால் பழி என் தலையில். காலையில் எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் அனுப்பினால் மிஷின் திணறும்.

ஓடையை வாடகைக்கு எடுத்தால் இவற்றில் பெரும்பகுதி அவர்கள் பாடு. எத்தனை நிலையம் கூடினாலும் அவர்களே அகலப்படுத்திக்கொள்வார்கள். வந்த தகவலை வரிசை மாறாமல் வைத்திருப்பார்கள். பில் போடுகிறவர், வண்டி அனுப்புகிறவர், தரம் பார்க்கிறவர் என எல்லோரும் ஒரே ஓடையிலிருந்து தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம். நம் ஆள் யாரும் பண்டிகைக்குப் பாதியில் கிளம்பவேண்டாம்.

இவ்வளவும் உண்மை. எதையும் கூட்டவில்லை. இதைச் சொன்னால் ஜெயிப்பாய்.

பரிமளா

இதை எழுதாமல் விடலாம் என்றிருந்தேன். உறை ஒட்டுமுன் மனசு கேட்கவில்லை. எங்கள் முதலாளி வெங்கடாசலம் சாரும் இதே பட்டிமன்றம்தான் நடத்திக்கொண்டிருக்கிறார். சென்னையிலிருந்து ஒருவர் வந்து ஓடைச் சேவையைப் பற்றிப் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். இந்த மாதக் கடைசியில் முடிவு. ஓடை ஜெயித்தால் சர்வரை நிறுத்திவிடுவார்கள். சர்வர் இல்லாவிட்டால் நான் எதற்கு?

மே மாதம் அப்பாவிடம் நான் சொன்னதை நீயும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய். பெண் பார்க்க வந்தவர்கள் வேலையை விடவேண்டும் என்று சொன்னபோது, "என்ன நம்பி அங்க ஒரு மிஷின் ஓடுதுப்பா" என்றேன். "அப்ப அந்த மிஷினே உன்ன பாத்துக்கட்டும்" என்றார். அந்த மிஷின் நின்றுபோய் நான் பெட்டியோடு வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். அவரிடம் சொல்லாதே.


திண்டிவனம்
11.8.2025

அக்கா,

நான் ஒரு மடைச்சி. உன் வேலையைப் பறிக்கிற பொருளுக்குப் பரிந்து பேச உன்னிடமே குறிப்புக் கேட்டிருக்கிறேன். நீயும் ஒன்றுவிடாமல் எழுதித் தந்திருக்கிறாய். பிரபாவதி அம்மாவின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து படித்தேன். கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் என் முகம் மாறியிருக்க வேண்டும். அவர் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

தோற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். நடுவில் மறந்துவிட்டதுபோல நின்றுவிடுவேன். அதை வெண்ணிலாவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ தோத்துத்தான் நான் ஜெயிக்கணுமா? எனக்கு இன்னா வாயில்லையா?" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

ஆனால் எழுத வந்தது வேறு. சார் கொடுத்த அட்டவணையை நேற்று மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். இடப்பக்கம் ஓடை, வலப்பக்கம் லினக்ஸ் சர்வர். அதில் ஒன்று விசித்திரமாக இருந்தது. ஓடைக்கு நேரே குறி போட்டிருக்கிற வரிசைகளில் எல்லாம் லினக்ஸ் பக்கம் காலி. லினக்ஸுக்குக் குறி இருக்கிற இடத்தில் ஓடைப் பக்கம் காலி. 'தகவலை வரிசையாக வைத்திருக்கும்' என்றால் இங்கே குறி, அங்கே வெற்று. 'கோப்புகளையும் நினைவகத்தையும் நிர்வகிக்கும்' என்றால் அங்கே குறி, இங்கே வெற்று. விலை, உதவி கிடைக்குமா என்பவற்றைத் தவிர, இருவரும் செய்கிற ஒரே வேலை என்று ஒன்றுகூட இல்லை. வெண்ணிலாவையும் என்னையும் ஒப்பிட்டால் இப்படி வருமா? இருவரும் படிக்கிறோம், இருவரும் பேசுகிறோம், அவள் கொஞ்சம் அதிகம் பேசுகிறாள். அதுதானே போட்டி.

எனக்குத் தோன்றுவது சரியா தவறா என்று நீதான் சொல்லவேண்டும். ஓடை என்கிறார்களே, அது அந்தரத்திலா ஓடுகிறது? அதற்கும் அடியில் ஒரு கணினி இருக்கவேண்டுமே. அந்தக் கணினியை நடத்துவது எது? இன்னொன்று. மண்டகப்பட்டில் பாலை எடைபோட்டதும் அந்த எடையை ஓடையில் ஊற்றுவது யார்? ஓடைக்காரர்கள் சென்னையிலிருந்து வருவார்களா?

முட்டாள்தனமான கேள்வி என்றால் சிரித்துவிடு. ஆனால் பதில் எழுது.

அன்பு


விழுப்புரம்
16.8.2025

ஏய் அன்பு,

முதலில் ஒரு விஷயம். எனக்காகத் தோற்கிறேன் என்று இன்னொரு முறை எழுதினால் பேசமாட்டேன். வீட்டில் என்னால் ஒரு தட்டு குறைந்தது போதும். உன் பரிசும் குறையவேண்டாம்.

சிரிக்கவில்லை. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மோர் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். சர்வர் இரைந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாளாக 'இதுவா அதுவா' என்று முதலாளி கேட்டார், நானும் 'இதுதான் சார், இதுதான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கேள்வியே சரியில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. படித்தவள்தான். ஆனால் பயம் வந்துவிட்டால் படித்தது எதுவும் கைக்கு வருவதில்லை.

உன் கேள்விகளுக்குப் பதில். அந்த ஓடை எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் நூற்றுக்கணக்கான கணினிகளின் மேல்தான் ஓடுகிறது. அவற்றில் பெரும்பாலும் இருப்பது லினக்ஸ்தான். அவர்களுக்கும் என்னைப்போல ஓடுகிறவர்கள் இருப்பார்கள், நம் கண்ணில் படமாட்டார்கள். நினைத்தால் அந்த ஓடை மென்பொருளை என் சர்வரிலேயேகூட ஓட்டலாம். திணறும், ஆனால் ஓடும். ஆக, லினக்ஸ் என்பது எந்த வேலையையும் தாங்குகிற அடித்தளம். ஓடை என்பது அதன்மேல் நடக்கிற ஒரு வேலை.

ஊற்றுவது யார் என்று கேட்டாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தராசிலிருந்து எடையை வாங்கி ஓடைக்கு அனுப்ப ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சின்னக் கணினி வேண்டும். உள்ளங்கை அளவு இருக்கும். அதிலும் லினக்ஸ்தான் போடவேண்டும். நெட் போனால் தகவலைப் பிடித்து வைத்திருந்து, வந்தபின் அனுப்பவேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள சென்னைக்காரர் எவரும் மண்டகப்பட்டுக்கு வரமாட்டார்.

முதலாளியிடம் இதைப் பேசலாம் என்றிருக்கிறேன். வேலை நிலைக்குமா என்று தெரியாது. "நீ உன் வேலைய காப்பாத்திக்க பேசறமா" என்று சொல்லிவிடலாம். அதுவும் உண்மைதான்.

உன் பட்டிமன்றம் 22 ஆம் தேதிதானே. என்ன பேசினாய் என்று ஒன்றுவிடாமல் எழுது.

அக்கா


திண்டிவனம்
24.8.2025

அன்புள்ள அக்கா,

தோற்றுவிட்டேன். திட்டாதே. வேண்டுமென்று தோற்கவில்லை. முழுதும் படி.

பெற்றோர்களை அழைத்திருந்தார்கள். அம்மாவுக்குத்தான் அழைப்பைக் கொடுத்தேன். அவளுக்கு ஜுரம். நான் மேடையில் ஏறியபோது கடைசி வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். கமிட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறார். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சர்ச்சில் உட்காருவதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

வெண்ணிலா முதலில் பேசினாள். சொந்தம் என்றால் சொந்தம்தான், வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியுமா என்று கேட்டாள். ஒரே கைதட்டல். பிறகு என் முறை. நீ எழுதிய தொல்லைகள் எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்க் நிரம்பியது, பொங்கல் கரும்பு, எல்லாம். உன் பெயரைச் சொல்லவில்லை. ஒரு பெண் என்று மட்டும் சொன்னேன். அப்போதும் கைதட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பேன்.

நிறுத்த முடியவில்லை, அக்கா. அட்டவணையை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். "நடுவர் அவர்களே, அறுவடைக் காலத்தில் அறுப்பு மிஷினை வாடகைக்கு எடுக்கிறோம். வேலை ஜல்தியாக முடிகிறது. நல்லதுதான். அதற்காக, அறுப்பு மிஷின் உயர்ந்ததா, நிலம் உயர்ந்ததா என்று யாராவது பட்டிமன்றம் வைப்போமா? மிஷின் வந்து இறங்குவதற்கே நிலம் வேண்டும். ஓடை மிஷின். லினக்ஸ் நிலம். இரண்டையும் மோதவிட்டால், மிஷின் வந்துவிட்டது, இனி நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் எதற்கு என்று கேட்டுவிடுவோம். அந்தக் கேள்வி தவறு" என்றேன்.

வெண்ணிலா மைக் இருப்பதை மறந்து, "அடியே, நீ எந்தக் கட்சிடி?" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

விருத்தாசலம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைப்பு வெச்சதுல தப்பு எம்மேல இருக்கலாம். ஆனா பட்டிமன்றம்னா தீர்ப்புச் சொல்லியாகணும். தன் கட்சிக்குப் பேசாதவங்களுக்கு நான் எப்படிப் பரிசு குடுக்கறது?" என்று வெண்ணிலாவுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருந்தது. பரிசு புத்தகம் அல்லவா.

திரும்பும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். நான் கூட நடந்தேன். மேம்பாலம் தாண்டியதும் கேட்டார்.

"அந்தப் பொண்ணு, பொங்கலன்னிக்குப் பாதியில ஓடுச்சுன்னியே. நம்ம பரிமளாவா?"

அக்கா, மே மாதத்துக்குப் பிறகு அவர் உன் பெயரைச் சொல்வது அதுதான் முதல் தடவை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவ பாத்துக்கறது எது? மிஷினா, நெலமா?"

"நெலம்ப்பா."

"ம்" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "எங்கப்பன், நானு, எல்லாரும் ஊரான் நெலத்துல வேல செஞ்சிக்கினு இருந்தவங்கதான். நெலம் இல்லாதவனுக்குத்தான் தெரியும், நெலம்னா இன்னான்னு. அத நம்பி ஒருத்தன் உன்கிட்ட உடறான்னா சும்மாவா?" என்றார்.

முனையில் வண்டிக்காரரிடம் அவித்த மல்லாட்டை வாங்கினார். என்னிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "அவளுக்கு இது புடிக்கும்" என்றார். சைக்கிள் செயின் கழன்றதாகச் சொல்லி வெகுநேரம் குனிந்தே இருந்தார். செயின் கழலவில்லை. நான் பார்த்தேன்.

முதலாளி என்ன சொன்னார்? உடனே எழுது.

தோற்றுப்போன,
அன்பு


விழுப்புரம்
6.9.2025

அன்பு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். முடிவு தெரிந்தபின் எழுதலாம் என்று இருந்தேன். முடிவு தெரிந்தபின் எழுத வரவில்லை.

வெங்கடாசலம் சாரிடம் போனேன். உன் அறுப்பு மிஷினைத்தான் சொன்னேன். அவர் திருவெண்ணெய்நல்லூர்க்காரர், கரும்பு போடுகிறவர். "அப்ப சர்வர் வேணும்ன்ற" என்றார். "இல்ல சார். ஓடைய எடுங்க. சர்வர நிறுத்திடுங்க. ஆனா ஒவ்வொரு எடத்துலயும் ஊத்தறதுக்கு ஒரு சின்ன மிஷின் வேணும். அத நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தன் சர்வரைத் தானே நிறுத்தச் சொல்கிற ஆளை அவர் எதிர்பார்க்கவில்லை போல. "வெயில்ல ஊர் ஊரா சுத்தணும்மா. பேஜாரு புடிச்ச வேல" என்றார். சுற்றுகிறேன் என்றேன்.

வேலை நிலைத்துவிட்டது, அன்பு. போகவில்லை, நிலைத்துவிட்டது. இனி நான் பஸ்ஸில் போய்க்கொண்டே இருக்கவேண்டும்.

சின்ன மிஷின் வரும்வரை நிலையங்களில் நோட்டில் எழுதிக்கொள்வது என்று முடிவாகி, செவ்வாய்க்கிழமை சர்வரை நிறுத்தினார்கள். அவர்கள் எங்கே நிறுத்தினார்கள், நான்தான் நிறுத்தினேன். கட்டளையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். ஒவ்வொன்றாக ஓய்ந்து, கடைசியில் விசிறி நின்றது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. வெளியே கேன் உருளுகிற சத்தம் கேட்டது. அழவில்லை என்று எழுதலாம் என்றிருந்தேன். நீ பரிசைப் பற்றி உண்மையை எழுதிவிட்டதால் நானும் எழுதுகிறேன். அழுதேன்.

என்னை நம்பி ஒரு மிஷின் ஓடுகிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அது இல்லை. வேலை இருக்கிறது, ஆனால் சொன்ன வார்த்தை போய்விட்டது. அப்பா மல்லாட்டை வாங்கியதைப் பல முறை படித்தேன். ஆனாலும் எந்த முகத்தோடு வருவது? மரக்காணம் ரோட்டில் எங்கள் நிலையம் ஒன்று இருக்கிறது. 18 ஆம் தேதி, வியாழக்கிழமை, அங்கே சின்ன மிஷினை வைக்க வருகிறேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கித்தான் மாறவேண்டும். வீட்டுப் பக்கம் வரமாட்டேன். நீ முடிந்தால் பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு வா. சர்வர் நின்றதை அப்பாவிடம் சொல்லாதே.

பரிமளா


திண்டிவனம்
14.9.2025

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன்.

கோபப்படுவாய் என்று தெரியும். அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா நாலாவது தட்டை எடுத்தாள், வழக்கம்போலத் திரும்ப வைக்கப் போனாள். "அங்கயே இருக்கட்டும்" என்றார் அப்பா. அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. உன் கடிதங்களை எல்லாம் கொண்டுவந்து, நூலகத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி, கடைசிக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். நீ அழுத இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அந்த மிஷின நீயே நிறுத்துன்னு அவகிட்டயே சொல்லிட்டானுங்களா?" என்று கேட்டார்.

"அக்காதான் சொன்னாப்பா, நிறுத்தச் சொல்லி."

ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "மிஷின் போனா போவுது. ஆளு நிக்குது இல்ல?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப ஊர் ஊருக்கு வெக்கப்போற மிஷினுங்க எது? நெலமா?" என்றார். ஆமாம், ஒவ்வொரு ஊரிலும் ஒரு சின்ன நிலம் என்றேன். அதற்கு அவர் சிரித்தார், அக்கா. "அப்ப நம்ம வீட்டுலயே பெரிய நெலக்காரி அவதான்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போன்ல நம்பர போடுய்யா மொதல்ல" என்று அதட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவரே போட்டார். உன்னை அழைக்க மட்டும் மாட்டேன் என்கிறார். நேரில் பார்க்காமல் பேச வராதாம்.

பிரபாவதி அம்மாவிடம் இனிக் கடிதம் வராது என்று சொன்னேன். "அப்ப எனக்கு யாருடி எழுதுவா?" என்றார். நீ ஒரு அட்டையாவது அவருக்குப் போட்டுவிடு.

கீழே அப்பா ஒரு வரி எழுதவேண்டுமாம். பேனாவை வாங்கிக்கொண்டு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

அன்பு

பரிமளாவுக்கு. வியாழக்கெழமை கமிட்டிக்கு லீவு சொல்லிட்டேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். உன் மிஷின வெச்சிட்டு வா, அவசரம் இல்ல. எவ்வளவு நேரமானாலும் நிக்கறேன். அப்பா.